முதுகுவலியும் முன்னாள் படைவீரர்களும்

போர்க்களத்தை விட்டு வீடு திரும்பிய பின்னரும் வீரனை விட்டு நீங்காத பகைவன் ஒருவன் உண்டு. அவனே இடுப்புவலி. பாரச் சுமையுடன் நெடுந்தொலைவு நடந்ததும், கரடுமுரடான வழிகளில் வண்டியிற் குலுங்கியதும் முதுமையில் வட்டியுடன் திரும்பி வருகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர்.

இதற்குக் கத்தி அல்லது கடும் மாத்திரை, இவ்விரண்டே கதி எனப் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க நாட்டில் அபினி வகை மருந்துகளுக்கு அடிமையாகி அல்லலுற்ற முன்னாள் வீரர் பலர். அந்நாட்டு மினியாபொலிஸ் நகரில், முன்னாள் வீரர்க்குரிய மருத்துவ நிலையங்களில் 240 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதுகுவலியோ மூட்டுவலியோ உடைய அவர்களில், ஓராண்டு அபினி வகை மருந்து உண்டவர்களுக்கு ஏனையோரினும் நடமாட்டம் மேம்படவில்லை. பக்க விளைவுகளே மிகுந்தன.

பின் வழிதான் யாது? சான் டியேகோ நகரில் 150 முன்னாள் வீரர்களைக் கொண்டு நடந்த சோதனை 2017-இல் வெளிவந்தது. ஒரு சாரார் வாரம் இருமுறையாகப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி பெற்றனர். பயிற்சி முடிந்தவுடன் அவர்களின் இயலாமையில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆறாம் மாதத்திலோ, பயிலாதவரினும் அவர்கள் நலமுற்றிருந்தனர். பொறுமைக்குக் கிடைத்த ஊதியம் இது!

உடற்பயிற்சி, ஊசிக்குத்து வைத்தியம், முதுகெலும்பைக் கையால் இதப்படுத்தும் முறை, வலியைப் பற்றிய அச்சத்தை மாற்றும் மனப்பயிற்சி ஆகியவற்றை மருந்துக்கு முன்னரே கையாள வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் அறிவுறுத்தியது. படுத்தே கிடத்தல் நலம் பயக்காது. இயன்ற அளவு நடமாடுதலே நன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை ஆகியவை தோன்றின் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனையை நாட வேண்டும். அங்குக் கத்தியே காப்பதும் உண்டு.

குழித்தறியிற் குனிந்து நெய்வோரும், நாற்று நடக் குனிவோரும் இவ்வலியை அறியாதவரல்லர். சங்கத்திற் செலுத்தும் சிறு சேமிப்பு முதல் மாதத்தில் பலன் தருவதில்லை. நாள்தோறும் செய்யும் பயிற்சியும் அத்தகையதே. இடையில் நிறுத்தாதவனே பயனடைகிறான்.