அம்ரிதா ஷேர்கில் கடிதங்களும் மொழிபெயர்ப்பும்

அலிபிரியில் தொடங்கும் படிவழி சென்றடையும் திருமலைக் கோயிலில், தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் தனியறையில் வைக்கப்பட்டிருந்தன. நிலைபெற வேண்டும் என்ற நோக்குடனேயே செய்யப்பட்டவை அவை. கலைஞர் எழுதும் கடிதங்களுக்கு இத்தகைய காப்பு இல்லை; பெற்றவர் போற்றி வைத்தால் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் (1913–1941) கடிதங்கள் அவ்வாறு எஞ்சியவையே. அவருடைய தங்கை மகன் விவான் சுந்தரம் அவற்றைத் தொகுத்துக் குறிப்புரையுடன் 2010இல் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஹங்கேரியத் தாய்க்கும் சீக்கியத் தந்தைக்கும் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா, 1921இல் இந்தியா வந்து சிம்லாவில் வளர்ந்தார்; 1929 முதல் பாரிசில் ஓவியம் பயின்று 1934இல் திரும்பினார். ஹங்கேரியம், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் அவர் அறிந்தவை. தாய்க்கும், பின்னாளில் கணவரான விக்டர் ஏகனுக்கும் எழுதியது ஹங்கேரியத்தில். அஜந்தாவையும் மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களையும் குறித்துக் கலைத்திறனாய்வாளர் கார்ல் கண்டாலாவாலாவுக்கு எழுதியது ஆங்கிலத்தில். ஆக, எம்மொழியில் எழுதப்பட்டது என்பதே உறவின் தன்மையைக் காட்டும் ஒரு செய்தியாகிறது. அனைத்தும் ஆங்கிலமாகிவிட்ட அச்சுப் பக்கத்தில் இது கண்ணுக்குப் படுவதில்லை.

ஆங்கிலவழித் தமிழாக்கத்தில் இழப்பு இரட்டிக்கிறது. ஹங்கேரியத்தில் முன்னிலைக்கு நெருக்க வடிவமும் மதிப்பு வடிவமும் தனித்தனியே உண்டு. தமிழைப் போலவே வினைமுற்று விகுதியே எழுவாயை உணர்த்துவதால் பெயரின்றியும் வாக்கியம் அமையும். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லில் இவ்வேறுபாடு கரைந்துபோக, 'நீ' எனவோ 'நீங்கள்' எனவோ எழுத வேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் தெளிவாக இருந்ததை ஊகித்தறிய நேர்கிறது. படர்க்கையில் நிலைமை வேறு. ஹங்கேரியம் ஆண்பால் பெண்பால் காட்டாது; தமிழோ பாலுடன் மதிப்பையும் சேர்த்துக் கேட்கும்.

உறவுப்பெயரும் இடர் தருவதே. விக்டர், அம்ரிதாவின் தாயுடன் பிறந்தவளின் மகன். தமிழ் உறவுமுறைப்படி அவர் உடன்பிறந்தார் நிலையினர். 'அண்ணன்' என்றெழுதினால் 1938இல் நடந்த திருமணம் தமிழ் வாசகருக்கு அதிர்ச்சியாகவே முடியும். 'மைத்துனர்' என்பது பொய். 'சிற்றன்னை மகன்' போன்ற விளக்கத்தொடரும் அதே முறையையே சுட்டுமாதலால், அடிக்குறிப்பின்றி இதற்குத் தீர்வில்லை.

இனி, இத்தொகுப்பு பெரிதும் ஒருபக்கக் குரலே. அம்ரிதா வீட்டில் விட்டுச்சென்ற, பிறர் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பெற்றோர் படித்து எரித்துவிட்டனர். பெட்டியின் சுமையைக் கூட்ட விரும்பாமையாலேயே அவற்றை விட்டுவந்ததாக அவர் கசப்பும் எள்ளலும் கலந்து பெற்றோருக்கு எழுதினார். அழிந்த கடிதம் ஒன்றுக்கு மறுமொழியாக எழுந்த இடங்களில் 'அது', 'அப்படி' போன்ற சுட்டுகளுக்குச் சுட்டப்படுபொருள் கிடைப்பதில்லை. தமிழில் இவற்றுக்குப் பெயர்ச்சொல் பெய்து தெளிவாக்குவது எளிது. ஆயினும் அது மொழிபெயர்ப்பாளர் புனைந்த கடிதமாகிவிடும். சுட்டைச் சுட்டாகவே விட்டு, எரிந்த கடிதத்தை அடிக்குறிப்பில் காட்டுவதே பொருந்தும்.