எண்ணின் உருமாற்றமும் மொழியின் பிரதிக்ஞையும்

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், சுமார் 40 விநாடிகளில் பாதை பிறழ்ந்து ஆகாயத்திலேயே சிதறிப்போனதற்கு மூலகாரணம் எஞ்சின் கோளாறன்று. 64 பிட் அளவுள்ள தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முற்பட்டபோது, 32,767-க்கு மேல் கொள்ளாத அச்சிறிய இடத்தில் அது அடங்காமற்போனதேயாகும். ஏரியான் 4-க்கென்று அடா மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், பிழை நேர்ந்ததைக் கண்டுகொள்ளத்தான் செய்தது. ஆயினும், நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அவ்விடத்தில் எவரும் எழுதி வைக்காததால், வழிகாட்டும் கருவிகள் இரண்டுமே செயலற்று நின்றுவிட்டன.

2015 மே மாதத்தில் தன் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழி, இத்தகைய அபாயத்தை நிரல் ஓடுவதற்கு முன்பே சிந்திக்க நம்மைத் தூண்டுகிறது. இன்ன வகை இன்ன காரியத்தைச் செய்யவல்லது என்று அறிவிக்கும் பிரதிக்ஞையே அம்மொழியில் டிரெய்ட் எனப்படுவது. ஆழாக்கு அரிசியை மரக்காலில் கொட்டினால் ஒரு மணியும் சிந்தாததுபோல, 8 பிட் எண்ணை 32 பிட் எண்ணாக்குவதில் நஷ்டம் ஏதுமில்லை. தவறவே தவறாத இவ்வகை மாற்றத்துக்கு உரியது ஃப்ரம் என்னும் டிரெய்ட். அதை ஒரு முறை எழுதிவிட்டால், அதே மாற்றத்தை மறுமுனையிலிருந்து அழைக்க உதவும் இன்ட்டு தானாகவே கிடைத்துவிடும்.

எதிர்த்திசையில் செல்லும்போதுதான் சங்கடம். 255 வரை மட்டுமே கொள்ளும் 8 பிட் வகைக்கு 32 பிட் எண்ணான 300-ஐ 'ஆஸ்' என்னும் சொல்லால் மாற்றினால், மேற்பிட்டுகள் வெட்டுண்டு 44 என்ற பொய்யான விடை சத்தமின்றி வந்து நிற்கும். 2019-இல் நிலைபெற்ற டிரைஃப்ரம் என்னும் டிரெய்ட் அவ்வாறு ஏமாற்றுவதில்லை. வெற்றியா தோல்வியா என்பதைச் சொல்லும் 'ரிசல்ட்' ஒன்றையே அது தருவதால், தோல்விக்கு வழி சொல்லாமல் உள்ளிருக்கும் எண்ணை எடுத்தாள முடியாது. நிரலை நிறுத்திவிடுவதே வழி என்று ஒருவர் தீர்மானித்தாலும், அத்தீர்மானத்தை அவர் தம் கையால் எழுதியே ஆகவேண்டும்.

எந்த மொழியும் மனிதனின் கவனத்துக்கு மாற்றாகாது என்பது உண்மையே. எனினும், அக்கவனம் அவசியமான இடத்தைத் தவறாமல் சுட்டிக்காட்டுவது மொழியின் கடமை. நிரலெழுதப் பழகும் இளைஞர்கள், எண் சுருங்க நேரும் இடத்திலெல்லாம் 'ஆஸ்' என்னும் குறுக்குவழியைத் தவிர்த்து, டிரைஃப்ரமையே தங்கள் வழக்கமாக்கிக் கொள்ளவேண்டும்.