தகரப் பட்டறைக்கு இறவாரம் தேவையா?

மாணவர்களே, அம்பாங் வட்டாரத்துப் பட்டறைகளைக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் தகரக் கூரை சுவரோடு முடிந்துவிடும். சிலவற்றில் சுவரைத் தாண்டி நீளும். நீளும் அந்தப் பகுதிதான் இறவாரம். அது தேவையா?

முதலில் வெயில். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் உள்ளது. அதனால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உயரத்திலேயே இருக்கும். டிசம்பரில் அது தெற்கே மிக அதிகமாகச் சாயும்போதும் உயரக் கோணம் ஏறக்குறைய 63 பாகை. அப்போது 1 மீட்டர் இறவாரம், தெற்குச் சுவரில் சுமார் 2 மீட்டருக்கு நிழல் தரும். மேற்குச் சுவரில் நிலைமை வேறு. மாலையில் சூரியன் 30 பாகைக்கு இறங்கிச் சுவருக்கு நேரெதிரே நின்றால், அதே இறவாரத்தின் நிழல் 58 சென்டிமீட்டர்தான். கிழக்குச் சுவருக்குக் காலையில் இதே கதை. அங்கெல்லாம் மரநிழலே உதவும்.

அடுத்து மழை. தகடுகளின் இணைப்பிலும் ஆணித் துளையிலும் நீர் தங்கினால் துரு பிடிக்கும். இறவாரம் கூரைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விழச் செய்யும். மழையிலும் சன்னலைத் திறந்து வைக்கலாம். வெல்டிங் புகை வெளியேறும். உள்ளே வேலை செய்பவரின் நுரையீரலுக்கு இது முக்கியம்.

ஆனால் புயற்காற்று இறவாரத்தைக் கீழிருந்து தூக்கும். வலுவான தாங்கிகள் இல்லாமல் நீட்டினால் கூரையே பெயரலாம்.

ஆக, நான்கு பக்கமும் மழைக்கு உதவும்; வெயிலுக்குத் தெற்கும் வடக்கும் மட்டுமே. உங்கள் பள்ளிக் கூரை எப்படி? அளந்து பாருங்கள்.