கை அசைத்தால் ஆள் விழுவாரா?

ஒரு பெரிய கூடம். நடுவில் வயதான குரு ஒருவர் நிற்கிறார். சீடர்கள் பலர் கத்திக்கொண்டே அவரை நோக்கிப் பாய்கிறார்கள். குரு கையை லேசாக அசைக்கிறார். அவ்வளவுதான்! யாரோ பிடித்துத் தள்ளியதுபோல எல்லாரும் சுருண்டு விழுகிறார்கள். குருவின் விரல்கூட ஒருவர் மேலும் படவில்லை!

இது சினிமாக் காட்சி அல்ல, குட்டீஸ். ஜப்பானில் எடுக்கப்பட்ட நிஜ வீடியோ. அந்த குருவின் பெயர் யனாகி ரியூகென். உடம்புக்குள் ஓடும் ‘கி’ என்ற உயிர்ச்சக்தியை வெளியே அனுப்பி, எதிரியைத் தொடாமலே வீழ்த்துவதாக அவர் சொன்னார். 200 சண்டைகளில் ஜெயித்தவன், ஒன்றில்கூடத் தோற்றதில்லை என்றும் சொல்லிக்கொண்டார். முடிந்தால் என்னோடு மோதிப் பாருங்கள் என்று வெளியாட்களுக்குச் சவாலும் விட்டார்.

2006-ஆம் ஆண்டு அந்தச் சவாலை ஏற்று ஒருவர் வந்தார். இவாகுரா என்ற சண்டை வீரர். குருவைவிட வயதில் மிகவும் இளையவர்.

சண்டை தொடங்கியது. குரு கைகளை நீட்டி சக்தியை அனுப்பினார். இவாகுரா விழவில்லை. நேராக வந்து முகத்தில் ஓர் அடி கொடுத்தார். குரு திகைத்துப் போய்ப் பின்வாங்கினார். சண்டை மறுபடி தொடங்கியது. மேலும் சில அடிகள்... குரு தரையில் விழுந்தார். சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சீடர்கள் நடித்தார்களா?

‘அப்படியானால் அந்தச் சீடர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களா?’ என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் பலவற்றில், விழுவதும் ஒரு பாடம்தான். எதிராளி மணிக்கட்டைப் பிடித்து முறுக்கும்போது விறைப்பாக நின்றால் எலும்பு முறிந்துவிடும். அதனால் அவர் இழுக்கும் பக்கமே உருண்டு விழப் பழக்குவார்கள். பல வருடம் இப்படிப் பழகியவருக்குக் குருவின் கை அசைந்ததுமே உடம்பு தானாக விழத் தயாராகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கொட்டாவி வருகிறது அல்லவா? அதுபோல, முன்னால் பத்துப் பேர் விழுந்தால் பதினொன்றாவது ஆளுக்கும் தள்ளாடுவதுபோலத்தான் இருக்கும். ‘நான் மட்டும் விழாமல் நின்றால் குருவுக்கு அவமானம்’ என்ற பயம் வேறு!

இதில் பரிதாபம் என்ன தெரியுமா? குருவும் அதை நம்பியிருக்க வேண்டும். தன் சக்தி பொய் என்று தெரிந்தவர் வெளியாள் ஒருவரோடு மோத மேடை ஏறுவாரா? சீடர்கள் விழ விழ குருவின் நம்பிக்கை வளர்ந்தது. குரு நம்ப நம்ப சீடர்கள் இன்னும் வேகமாக விழுந்தார்கள்.

கட்டைவிரல் செய்த மாயம்!

வயதானவரை அடித்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? தேவையே இல்லை. அடிதடி இல்லாமலும் சோதிக்கலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்ற பிரபல கராத்தே ஆசிரியர் இருந்தார். அவரும் அவருடைய சீடர்களும் ஆளைத் தொடாமலே மயங்கி விழவைக்க முடியும் என்றார்கள். 2000-ங்களின் மத்தியில் நேஷனல் ஜியாக்ரபிக் தொலைக்காட்சி இதைப் படம் பிடித்தது. சோதனைக்கு வந்து நின்றவர் லூயிஜி கார்லாஸ்கெல்லி. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியல் விஞ்ஞானி.

டில்மனிடம் பயின்றவர் தன் சக்தியை எல்லாம் காட்டினார். விஞ்ஞானி அசையாமல் அப்படியே நின்றார். ஒன்றுமே ஆகவில்லை!

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு டில்மன் சொன்ன காரணங்கள்தான் வேடிக்கை. அந்த விஞ்ஞானிக்கு இதில் நம்பிக்கையே இல்லையாம். நாக்கை வாய்க்குள் வேறு மாதிரி வைத்திருந்தாலும் சக்தி வேலை செய்யாதாம். கால் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கி மற்றதைக் கீழே அழுத்தினாலும் பலிக்காதாம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டைவிரலைத் தூக்கினாலே தடுத்துவிடக்கூடிய ஒரு சக்தி, நிஜச் சண்டையில் எதற்கு உதவும்? உண்மையான அடி, நம்புகிறவரா நம்பாதவரா என்று பார்த்து விழுவதில்லையே!

உயிரைப் பறித்த நம்பிக்கை

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி ஒரு நம்பிக்கை பலருடைய உயிரையே வாங்கியிருக்கிறது.

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு, வட சீனாவில் கடும் வறட்சி. விவசாயிகள் பசியில் வாடினார்கள். இன்னொரு பக்கம் அந்நிய நாடுகள் சீனாவில் ஆதிக்கம் செலுத்திக்கொண்டிருந்தன. கோபம் கொண்ட கிராமத்து இளைஞர்கள் ஒரு படையாகத் திரண்டார்கள். அவர்கள் கைச்சண்டை பழகியதால் ‘பாக்ஸர்கள்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள்.

சில சடங்குகளைச் செய்து, மந்திரம் சொல்லி, மூச்சுப் பயிற்சி செய்தால் வாள் வெட்டாது, துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று அவர்களில் பலர் நம்பினார்கள். 1900-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் வெளிநாட்டுத் தூதரகங்கள் இருந்த பகுதியை 55 நாட்கள் முற்றுகையிட்டார்கள். எட்டு நாடுகளின் படைகள் சேர்ந்து வந்தன. குண்டுகள் மந்திரத்துக்குக் கட்டுப்படவில்லை. ஏராளமான இளைஞர்கள் செத்து விழுந்தார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வீரமும் இருந்தது. ‘குண்டு துளைக்காது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்க மட்டும் ஆள் இல்லாமல் போய்விட்டது.

செங்கல் உடைவது எப்படி?

‘கையால் செங்கல்லை உடைக்கிறார்களே, ஆணிப் படுக்கையில் படுக்கிறார்களே, அதுவும் பொய்யா?’ என்று நீங்கள் கேட்கலாம். அது பொய் இல்லை. ஆனால், அது மந்திரமும் இல்லை.

ஆணிப் படுக்கை ரகசியம் சின்னக் கணக்குதான். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே ஓர் ஆணியின் மேல் படுத்தால் அவ்வளவு எடையையும் அந்த ஆணியே தாங்க வேண்டும். உடம்பில் குத்திவிடும். அதே ஆள் 1,000 ஆணிகள் மேல் சமமாகப் படுத்தால்? ஓர் ஆணிக்கு வெறும் 50 கிராம்தான்!

செங்கல், பலகை விஷயத்தில் வேகம்தான் முக்கியம். இதைச் சோதித்துக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரொனால்ட் மெக்நெய்ர். அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி, கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவர், பிறகு விண்வெளி வீரரும் ஆனார். வேறு இரண்டு பேருடன் சேர்ந்து, கராத்தே அடியை அதிவேகப் படங்கள் எடுத்து அளந்தார். பயிற்சி பெற்றவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்வது தெரிந்தது. அதாவது மணிக்கு 36 முதல் 50 கிலோ மீட்டர். கிட்டத்தட்ட நம் டவுன் பஸ் வேகம்!

இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து வைத்த பலகையோ, கான்கிரீட் கட்டியோ அந்த அடியில் லேசாக வளைந்து, அடிப்பக்கத்தில் விரிசல் விட்டு உடைகிறது. நம் எலும்பு கான்கிரீட்டைவிட இப்படிப்பட்ட வளைவை அதிகம் தாங்கும். இந்த ஆராய்ச்சி 1979-ல் வெளியானது. மெக்நெய்ர் 1986-ல் சாலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்தார்.

கராத்தேயை அவர் நேசித்தார். அதனால்தான் அளந்து பார்த்தார்.

நோக்கு வர்மம் நிஜமா?

2011-ல் வெளியான ‘7ஆம் அறிவு’ படம் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் விட மாட்டீர்கள்!

வர்மக்கலை நிஜம். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கலை அது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என மொத்தம் 108 வர்மப் புள்ளிகளைச் சொல்கிறார்கள். நெற்றிப்பொட்டு, தொண்டைக்குழி போன்ற இடங்களில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை எந்த டாக்டரும் ஒத்துக்கொள்வார்.

பார்வையாலேயே ஆளை அடக்கும் நோக்கு வர்மம் வேறு சங்கதி. சினிமாவில் டைரக்டர் ‘விழு’ என்றால் விழுவார்கள். முறையான சோதனையில் இதுவரை யாரும் பார்வையால் ஒருவரை வீழ்த்திக் காட்டியதில்லை.

காட்டினால் பரிசு தருகிறேன் என்று சொன்னவர்களும் உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தி உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னாலே போதும்! 1978-ல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 1964-ல் 1,000 டாலரில் தொடங்கிய பரிசு, பிறகு 10 லட்சம் டாலராக வளர்ந்தது. 2015-ல் நிறுத்தப்படும்வரை அதையும் யாரும் வெல்லவில்லை.

நீங்களும் துப்பறியலாம்!

‘எனக்கு அபூர்வ சக்தி உண்டு’ என்று யாராவது சொன்னால், இந்த நான்கு கேள்விகளை மனசுக்குள் கேட்டுப் பாருங்கள்.

1. விழுகிறவர் யார்? சொந்தச் சீடரா, முன்பின் தெரியாத ஆளா?

2. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்கிறாரா? நடந்த பிறகு காரணம் தேடுகிறாரா?

3. நம்பாதவரிடமும் பலிக்கிறதா?

4. சாதாரண அறிவியலே இதை விளக்கிவிடுமா?

ஒன்று மட்டும் கவனம், குட்டீஸ்! ஆணி, செங்கல், வர்ம அடி எதையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. கராத்தே, சிலம்பம் எதுவானாலும் ஆசான் முன்னால்தான் பழக வேண்டும். அவரிடம் பணிவாகக் கேள்வியும் கேளுங்கள். ‘இந்த அடி ஏன் இப்படி, மாஸ்டர்?’ என்று கேட்டால், நல்ல ஆசான் கோபப்பட மாட்டார். ‘இங்கே நில், காட்டுகிறேன்’ என்று உங்கள் காலை நகர்த்தி வைத்துச் சொல்லித் தருவார்.