வெயில் போடும் தீனி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் நுழைந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “என்னங்க, நெஜ முதலையா, பொம்மையா?” வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்! ஆனால் அந்தப் பண்ணையின் வரவு செலவைப் புரிந்துகொள்ள அந்த அசையாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இந்தப் பண்ணையை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. வண்டலூர்போல வனத்துறை தாங்கும் பூங்கா அல்ல. வாசலில் விற்கும் டிக்கெட், நன்கொடை, ‘இந்த முதலையின் தீனிச் செலவு என்னுடையது’ என்று தத்தெடுப்பவர்களின் பணம் ஆகியவற்றில்தான் காலம் ஓடுகிறது.

புலிக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ இறைச்சி வேண்டும். வெப்ப ரத்தப் பிராணிகள் தின்பதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே எரிந்துபோகிறது. முதலைக்கு அந்த வேலையை வெயில் காசு வாங்காமல் செய்துகொடுக்கிறது. வாயைப் பிளப்பதுகூடச் சூடு மிஞ்சும்போது தலையைத் தணித்துக்கொள்ளத்தான். வளர்ந்த முதலை மாதக்கணக்கில் தின்னாமலும் தாங்கும். கையில் காசில்லாதவர் விலங்குக் காப்பகம் நடத்த நினைத்தால், இதைவிடச் சிக்கனமான குடித்தனக்காரர் கிடைக்கமாட்டார்.

கூட்டம் கேட்பதோ யானையை. ஒரு யானை நாளுக்கு 150 கிலோ தின்னும்.

அந்தச் செலவையும் டிக்கெட் காசிலேயே சமாளிக்க முடியும் என்று காட்டியது இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்கா. முதல் உலகப்போரில் முதுகெலும்பில் குண்டடிபட்ட ஜார்ஜ் மாட்டர்ஸ்ஹெட், சிறுவயதில் கூண்டுக்குள் அடைபட்ட விலங்குகளைப் பார்த்து மனம் நொந்தவர். கம்பியில்லாத பூங்கா அமைக்கும் கனவோடு 1930-ல் தோட்டத்துடன் ஒரு வீட்டை வாங்கி, மறு ஆண்டே திறந்துவிட்டார். மனைவி, மகள்கள் என்று குடும்பமே வேலை பார்த்தது. இரண்டாம் போர் முடிந்ததும், டாங்கிகளைத் தடுக்கச் சாலைகளில் போட்டிருந்த கான்கிரீட் கட்டைகளை வாங்கிவந்து விலங்குகளுக்கு வளாகம் கட்டினார். சிம்பன்சிகளைத் தீவில் விட்டுச் சுற்றிலும் தண்ணீர் நிரப்பினார். சிம்பன்சிக்கு நீச்சல் வராது. அகழி இருந்தால் கம்பி எதற்கு? விலங்கியல் தெரிந்த சிக்கனம் இது. அந்தத் தோட்டம் இன்று நூறு ஏக்கரைத் தாண்டிவிட்டது.

வாசலை நம்பி வாழ்பவர்களுக்கு வாசல் மூடினால் என்ன ஆகும் என்பது 2020-ல் தெரிந்தது. செஸ்டர், நிரந்தரமாகவே மூட நேரலாம் என்று அறிவித்து மக்களிடம் கையேந்தியது. வடநெம்மேலியில் மார்ச்சில் கதவு சாத்தியதும், ஆண்டு முழுதும் நம்பியிருந்த கோடை விடுமுறை வசூல் அப்படியே போயிற்று. முதலை பட்டினி தாங்கும், பராமரிப்பவர் குடும்பம் தாங்குமா? இங்கும் நன்கொடை கேட்டுத்தான் சமாளித்தார்கள்.

ஆனால் பண்ணைக்குப் பெரிய சோதனை வந்தது வெற்றியிலிருந்து என்பேன். அழிவின் விளிம்பில் நின்ற சதுப்புநில முதலையைப் பெருக்குவதே தொடக்க கால நோக்கங்களில் ஒன்று. இங்கே சில பெண் முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிட்டன. குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. 1990-களில் முதலைகளைக் காட்டு நீர்நிலைகளில் விடும் திட்டத்தை அரசு நிறுத்திக்கொண்டது. எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. இடமோ சுமார் எட்டரை ஏக்கர்தான். எவ்வளவு சிக்கனமான வயிறாக இருந்தால் என்ன, இரண்டாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். முட்டைகளை எடுத்து அழித்துப் பெருக்கத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முட்டைக்கும் ஏங்கிய இடத்தில் இந்த நிலை!

கடைசியில் சுமார் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள காப்பகத்துக்கு அனுப்ப மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம் அனுமதித்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஜாம்நகர் காப்பகத்துக்குப் பணம் போடுவது ரிலையன்ஸ்.