பழைய கார் செட்டில் ஆக்ஸ்: எந்த இடத்தில் உள்ளே நுழைவது?

அப்பாவோட காருக்கு இருபது வயசுக்கு மேல ஆச்சு. இன்ஜின் நல்லா இருக்கு, ஏசி சுமார். பாட்டு செட் கார் கம்பெனியே வைத்து அனுப்பியது. கேசட், ரேடியோ, அவ்வளவுதான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப, போன்ல இருக்கிற பாட்டை இதுல கேக்க வழி இருக்கா என்று கேட்டார். "புது செட்டே மாத்திடலாமேப்பா" என்றேன். "அப்ப கேசட்டை எதுல கேக்குறது?" என்றார்.

அவர் கேசட் என்று சொன்னது ஒரே ஒரு கேசட்டை. சித்தப்பா குவைத்தில் இருந்தபோது அப்பாயி பேசி அனுப்பிய 60 நிமிட கேசட் அது. கடிதம் எழுதத் தெரியாத வீடுகளில் இருந்து வளைகுடாவுக்கு அப்படித்தான் குரல் போகும். சித்தப்பா திரும்பி வந்தப்போ பெட்டியோட சேர்த்துக் கொண்டு வந்துட்டார். அப்பாயி இப்போ இல்லை. வீட்டில் இருந்த டேப் ரெக்கார்டரும் ரப்பர் பெல்ட் இளகிப்போய் பரண்மேல் ஏறிடுச்சு. அந்தக் கேசட் ஓடுகிற ஒரே இடம் இந்தக் கார்தான்.

மாற்றாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. கடையில் விற்கிற செட்டெல்லாம் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்கிற டின் அளவு, இல்லையென்றால் அதன் இரட்டை உயரம். இந்தக் காரில் செட்டும் கடிகாரமும் ஏசி குமிழ்களும் ஒரே பலகையில் சேர்ந்திருக்கு. புது செட் வைக்கணும்னா பலகையையே அறுக்கணும். ஆக, இருக்கிற செட்டுக்கு உள்ளேயே ஒரு வழி தேடணும் என்று ஆயிடுச்சு.

முதலில் செட்டுக்குள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். ஆன்டெனாவில் வருகிற ரேடியோ அலை மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். கேசட் நாடா உரசுகிற ஹெட்டில் இருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ரேடியோ பகுதி தன் வேலையை முடித்து, ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஆம்ப் தன் வேலையை முடித்த பிறகு, இரண்டுமே சில நூறு மில்லிவோல்ட் அளவுக்கு வந்துடும். இதைத்தான் லைன் லெவல் என்பார்கள். அந்த இடத்தில் ஒரு தேர்வு சிப் உட்கார்ந்து 'இப்போ ரேடியோவா, கேசட்டா' என்று முடிவு பண்ணும். அடுத்து வால்யூம், பாஸ், ட்ரெபிள். கடைசியாகப் பவர் ஆம்ப் அதைச் சில வோல்ட்டுகளாகப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும்.

போனின் ஹெட்போன் துளையில் வருவது கிட்டத்தட்ட லைன் லெவல்தான். அதாவது போன் ஏற்கெனவே பாதி தூரம் வந்து நிற்குது. அதைத் திரும்பவும் ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் நுழைத்தால் தேவையில்லாத வேலை, தேவையில்லாத இரைச்சல். சந்தையில் கிடைக்கிற எளிய வழிகள் எல்லாமே அதைத்தான் செய்யுது.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்குங்க. சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற பொருள். பாட்டை ரேடியோ அலையாக்கி ஒரு அடி தூரத்தில் இருக்கிற ஆன்டெனாவுக்கு அனுப்பும். எஃப்எம் ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலியைத் தூக்கிக்கிட்டுப் போகும், ஏன்னா 19 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி இருக்கு. அதுகூடப் பரவாயில்லை, என் வயசு காதுக்கு அதுக்கு மேல கேக்கிறதும் இல்லை. பிரச்சினை இடம்தான். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். நடுவில் ஒரு காலி இடம் பிடித்து வச்சா, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போவதற்குள் வேறு ஊர் நிலையம் மேலே ஏறி வரும். பாட்டுக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் கேட்கும். அப்பாவுக்கு அது பாட்டைவிடப் பிடிச்சிருந்தது என்பது வேற கதை.

அடுத்தது கேசட் அடாப்டர். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏமாற்று வேலை. கேசட் வடிவில் ஒரு கூடு, அதிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். நாடா கிடையாது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு சின்ன ஹெட், செட்டின் ஹெட்டை முகத்துக்கு முகம் பார்த்தபடி. போன் கொடுக்கிற மின்சாரம் அதில் காந்தப்புலமாகி, அதைச் செட்டின் ஹெட் நாடா என்று நம்பி வாங்கிக்கும். உள்ளே பல்சக்கரங்கள் சும்மா சுற்றும், செட்டுக்குச் சந்தேகம் வராமல் இருக்க. ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டுகளில் அந்தச் சக்கரம் கொஞ்சம் இறுகினாலும் 'நாடா முடிஞ்சுடுச்சு' என்று நினைத்துத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கும். எங்க செட் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பியது.

அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: டால்பி பட்டன் இருந்தால் அணைத்து வைங்க. டால்பி என்பது பதிவு செய்யும்போது மெல்லிய மேல்சுருதி ஒலிகளைத் தூக்கிவிட்டு, கேட்கும்போது அதே அளவு இறக்குவது. இறக்கும்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். போனில் இருந்து வரும் பாட்டில் அந்தத் தூக்கல் இல்லை. இறக்கம் மட்டும் நடந்தால் கம்பளி போர்த்திய மாதிரிதான் கேட்கும். நிறைய பேர் அடாப்டரே மட்டம் என்று சொல்வதற்கு இந்தப் பட்டன் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

சில செட்டுகளுக்குப் பின்னால் சிடி சேஞ்சருக்கான சாக்கெட் இருக்கும். அது நேரடியாக லைன் லெவல் வாசல். ஆனால் சேஞ்சர் 'நான் இருக்கேன்' என்று டேட்டா வயரில் பதில் சொன்னால்தான் செட் கதவைத் திறக்கும். அதுபோலப் பொய் சொல்ல ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் தனித்தனிக் கருவி விற்கிறார்கள். உங்க செட்டில் அந்த சாக்கெட் இருந்தால் மேற்கொண்டு எதுவும் யோசிக்காம அதை வாங்கிடுங்க. எங்களுக்கு இல்லை.

இதற்கு நடுவில் ஒரு கடையில் கேட்டப்போ, "ஸ்பீக்கர் வயர்லயே குடுத்துடலாம் சார்" என்றார்கள். தயவுசெய்து செய்யாதீங்க. இப்படிப்பட்ட செட்டுகளில் பவர் ஆம்ப் பெரும்பாலும் பிரிட்ஜ் முறை. ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயருமே பேட்டரி வோல்ட்டேஜில் பாதியில், ஏறத்தாழ ஆறு வோல்ட்டில் நிற்கும். ரெண்டுமே எர்த் கிடையாது. அதில் போனை மாட்டினால் போனுக்கு ஆபத்து, ஒரு வயர் பாடியில் பட்டால் ஆம்புக்கு ஆபத்து.

சரி, செட்டைக் கழற்றுவது என்று முடிவானது. முதல் வேலையாகப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். அதுதான் முறை. ஆனால் திருட்டுப் பயத்துக்காக அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றில் ரகசிய எண் இருக்கும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் 'கோட்' என்று கேட்டு நிற்கும். நான் இதை மறந்தே போயிருந்தேன். அப்பாவின் இன்சூரன்ஸ் ஃபைலில், முதல் சர்வீஸ் ரசீதுக்குப் பின்னால் அந்த அட்டை இருந்தது. எதையும் தூக்கிப் போடாத ஆள் என்பதற்காக அவரை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! நீங்கள் முதலில் அட்டையைத் தேடுங்கள், பிறகு பேட்டரியைத் தொடுங்கள்.

மூடியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது வால்யூம் குமிழ். ரொம்பப் பழைய செட்டில் அது ஒரு எல்லை வரை சுற்றி நின்றுவிடும். பாட்டே அதன் கால்கள் வழியாகப் போகும். அங்கேயே போனின் சிக்னலைக் கொடுத்துடலாம். முடிவில்லாமல் சுற்றுகிற குமிழ் என்றால் அது வெறும் எண்ணிக்கை சொல்கிற சுவிட்ச், அதன் கால்களில் பாட்டு கிடையாது. எங்களுடையது இரண்டாவது வகை. எனவே தேர்வு சிப்பைத் தேடணும். பலகையில் இருந்த 28 கால் சிப்பின் முதுகில் டிடிஏ7313 என்று இருந்தது. எண்ணைத் தேடினால் டேட்டாஷீட் கிடைக்கும். அதில் மூன்று ஸ்டீரியோ நுழைவு. ஒன்று ரேடியோ, ஒன்று கேசட், மூன்றாவது சும்மா கிடந்தது. ஆகா என்று நினைத்தேன். ஆனால் அந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி செட்டின் மூளை ஒருநாளும் சொல்லப்போவதில்லை, அதற்குப் பட்டனே இல்லை. ஆகவே கேசட்டின் வாசலைத்தான் பங்கு போடணும்.

இங்கேதான் முதல் தடவை தப்பு பண்ணினேன். சிப்பின் காலிலேயே நேராக வயரைப் பற்ற வைத்துவிட்டேன். அந்தச் சிப் 9 வோல்ட்டில் ஓடுவது. நுழைவுக் கால்கள் அதில் பாதியில், நாலரை வோல்ட்டில் நிற்கும். போன் தன் பக்கம் அதை இழுத்துத் தரையோடு தரையாக்கிவிட்டது. வந்த சத்தம் கரகரவென்று, பாடகர் தொண்டையில் மணல் போட்ட மாதிரி. போன் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒவ்வொரு காலுக்கு முன்னாலும் ஒரு கெப்பாசிட்டர் இருப்பதே இந்த நிலையான வோல்ட்டேஜைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடத்தான். நுழைய வேண்டியது அந்தக் கெப்பாசிட்டருக்கு மறுபக்கம், அதாவது சிப்புக்கு எதிர்ப்பக்கம். அதன் மதிப்பு சின்னதா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். நுழைவின் மின்தடை 50 கிலோஓம் என்றால் 0.47 மைக்ரோஃபாரடே போதும், 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

இனி கேசட்டும் வேணும், போனும் வேணும். அதற்கு விடை ஐந்து கால் உள்ள 3.5 மி.மீ. சாக்கெட். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் ப்ளக் இல்லாதபோது இரண்டிரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டு இருக்கும், ப்ளக் நுழைந்ததும் விலகும். ப்ரீஆம்பில் இருந்து கெப்பாசிட்டருக்குப் போகும் பாதையை இடது, வலது இரண்டிலும் வெட்டி, இந்த சாக்கெட் வழியாகச் சுற்றவிட்டேன். எதையும் சொருகாவிட்டால் கேசட் பழையபடி பாடும். போனைச் சொருகினால் கேசட் துண்டிக்கப்பட்டு போன் உள்ளே போகும். ஐந்தாவது கால் எர்த். அதைக் காரின் இரும்பில் கொடுக்காமல் பலகையில் அந்தச் சிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்தேன்.

ஒரே குறை, கேசட் ஓடிக்கொண்டிருந்தால்தான் செட் கேசட் வாசலைத் திறந்து வைக்கும். ஏதாவது ஒரு பழைய கேசட்டைப் போட்டுவிட்டால் சரி. ஆட்டோ ரிவர்ஸ் இருப்பதால் அது பாட்டுக்கு நாள்பூரா சுற்றும். அப்பாவுடைய வேண்டாத கேசட் என்று ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு.

போனை அதே காரில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால் 'வீய்ய்ங்' என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும். ஆல்டர்னேட்டர் சத்தம் அது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ வயர் வழியாக ஒரு எர்த், இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். காரின் எர்த்தில் இங்கேயும் அங்கேயும் இருக்கிற சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் அந்த வளையத்தில் ஓடிப் பாட்டோடு கலக்கிறது. பவர் பேங்கில் சார்ஜ் போட்டால் சத்தம் நின்றுவிடும், சோதித்துப் பார்க்கவும் அதுதான் எளிய வழி. நிரந்தரமாக வேண்டுமென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டப்பி உண்டு. மலிவானது வாங்கினால் பாஸ் குறையும். ஹெட்போன் துளை இல்லாத போன்காரர்கள் ப்ளூடூத் ரிசீவர் பலகை ஒன்றைச் செட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அதுக்கும் இதே நோய் வரும். அங்கே மருந்து, பலகைக்குப் போகும் 5 வோல்ட்டைப் பி0505எஸ் மாதிரி ஒரு ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வழியாகக் கொடுப்பது.

மூடியைப் போடப் போகும்போதுதான் இன்னொன்று தோன்றியது. வெட்டிய பாதையின் ஒரு முனையில் கேசட்டின் ஒலி சுத்தமான லைன் லெவலில் வந்து நிற்குதே, அதை வெளியே எடுத்தால் என்ன? ப்ரீஆம்ப் பக்கத்தில் இருந்து இன்னொரு ஜோடி வயரை, ஆளுக்கு ஒரு கெப்பாசிட்டரோடு, இரண்டாவது சாக்கெட்டுக்குக் கொண்டுவந்தேன். க்ளவ் பாக்ஸுக்குள் இப்போது இரண்டு துளை இருக்கு. ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர.

மறுநாள் காலையில் இன்ஜினை அணைத்து, சாவியை ஏசிசியில் வைத்து, மடிக்கணினியைச் சார்ஜரில் இருந்து பிடுங்கிவிட்டு, அப்பாயி கேசட்டைப் போட்டோம். முதலில் மந்தமாக இருந்தது. பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் சாய்வும் இந்த செட்டின் ஹெட் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன திருகை இம்மி இம்மியாகத் திருப்பினால், ஒரு இடத்தில் 'ஸ', 'ச' எல்லாம் பளிச்சென்று தெளியும். திருப்புவதற்கு முன் பழைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளணும். அது மோனோ பதிவு. இடதையும் வலதையும் சேர்த்தால் மறுபடி மங்கியது, அதனால் வலது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். முதல் பக்கம் முடிய 30 நிமிஷம். தெருவில் பால்காரர் ஹாரன் அடித்தார், அது பதிவாகாது என்று தெரிந்தும் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டார். பக்கம் திரும்பும்போது வருகிற 'டக்' சத்தத்தை நான் வெட்டிவிடலாம் என்றேன். "இருக்கட்டும்டா" என்றார்.