மாதம் ஐந்நூறு போதும்

1975-ல் பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரி தேர்வில் பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் தவறி விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக, 1981-ல் தென்காசி அருகே சொந்த ஊரான ஆய்க்குடியில் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இத்தகைய அமைப்புகளுக்கு எப்படி உதவுவது? பிறந்த நாளன்று ஒருவேளைச் சாப்பாடு போடுவதே பலருக்கும் தெரிந்த வழி. ஆனால் நடக்கப் பழகும் குழந்தைக்குப் பயிற்சி தினமும் வேண்டும். பயிற்சியாளருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். எனவே ஒரே நாளில் தரும் 6,000 ரூபாயைவிட, தவறாமல் வரும் மாதம் 500 ரூபாயை நம்பித் திட்டமிடலாம்.

மட்டாஞ்சேரித் தமிழரானாலும் மும்பைத் தமிழரானாலும் வங்கி மூலம் அனுப்புவதே நல்லது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரின் நன்கொடை, 2020 சட்டத் திருத்தத்தின்படி, ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே போக வேண்டும்.

பழைய சக்கர நாற்காலி தருபவர்கள் முதலில் கேட்டுவிடுவது உத்தமம். அளவு பொருந்தாத நாற்காலி உட்காருபவரின் முதுகைக் கெடுத்துவிடும்.